மூன்றாவது பேட்டரியும் படுக்கிறது: கந்தப்பளைக் குளிரில் காலையில் சுற்ற மறுக்கும் கெப்

லீக்ஸ்_லோட் (ஞாயிறு, இரவு 8.40)

அண்ணன்மாருக்கு வணக்கம். 14 மாதத்தில் மூன்றாவது பேட்டரி. இனி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப் (பிக்கப்). 3எல் என்ஜின், 2.8 லீட்டர் டீசல், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய பம்ப். கேரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று இரவு மலையிலிருந்து கீழே தம்புள்ளைக்கு ஓடுகிறேன். மற்ற நாட்களில் ஊருக்குள்ளேயே உர மூட்டை, தண்ணீர் டாங்கி என்று சின்னச் சின்ன ஓட்டம்.

காலையில் சாவியைத் திருப்பினால் கிழவர் படியேறுகிற மாதிரி க்ர்ர்... க்ர்ர்... என்று நாலு சுற்று, அப்புறம் நின்றுவிடும். ஹீட்டர் பிளக்கை (ஸ்டார்ட் பண்ணுமுன் என்ஜினுக்குள் சூடு கொடுக்கும் பிளக்) மூன்று தடவை சூடாக்கினாலும் வெள்ளைப் புகைதான். பையன்கள் தள்ளினால் உடனே பிடித்துக்கொள்ளும். அதனால் இப்போது இரவில் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். இதே வண்டி தம்புள்ளையில் மத்தியானம் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகும். மலை ஏறி வந்ததும் பழைய குணம்.

இதுவரை மாற்றியவை: பேட்டரி இரண்டு தடவை, ஹீட்டர் பிளக் நாலும், டைனமோ (பேட்டரியை ச்சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டர்தான், கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்த ரீகண்டிஷன்). போன வருடம் தீபாவளிக்கு முன்பு கிளச் பிளேட் மாற்றினேன், அது வேறு செலவு. அக்ஸிலரேட்டர் கேபிள்கூட இரண்டு தடவை இறுகிப்போய் ஒன்று மாற்றியாயிற்று. இந்த வண்டி இப்படித்தான், ஒன்றைச் செய்தால் அடுத்தது கையை நீட்டும்.

பேட்டரிக் கடையில் வாரண்டி கேட்டேன். "உங்கள் வண்டி ஓவர் ச்சார்ஜ் பண்ணுகிறது, பேட்டரியில் பிழை இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடன் வாங்கிய மீட்டரில் பார்த்தேன்: காலையில் 12.3 வோல்ட், என்ஜின் ஓடும்போது 13.6, ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் பேன் எல்லாம் போட்டால் 13.1. ச்சார்ஜ் லைட் எரியவே இல்லை.

கொத்மலை_காற்று (ஞாயிறு, இரவு 9.05)

தம்பி, பேட்டரி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியிருப்பீர்கள். அந்த என்ஜினுக்கு என்70 அளவு வேண்டும். சில கடைகளில் கையிருப்பு இல்லாவிட்டால் 26 சென்டிமீட்டர் பெட்டியைக் கொடுத்து "இதுவும் 70தான்" என்பார்கள். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது?

லீக்ஸ்_லோட் (ஞாயிறு, இரவு 9.11)

75டி31ஆர் என்று இருக்கிறது அண்ணே.

கொத்மலை_காற்று (ஞாயிறு, இரவு 9.14)

அப்போது அளவு சரி. டி31 என்றால் 31 சென்டிமீட்டர் நீளப் பெட்டி. நான் நினைத்தது இல்லை.

பதுளை_ரோதை (ஞாயிறு, இரவு 9.30)

இதற்கு மீட்டரே வேண்டாம் மச்சான். என்ஜினை ஓடவிட்டு பேட்டரி நெகட்டிவ் கிளாம்பைக் கழற்று. என்ஜின் ஓடினால் டைனமோ நல்லது, நின்றால் டைனமோ கெட்டது. எங்கள் மெக்கானிக் பாஸ் 20 வருடமாக இப்படித்தான் பார்க்கிறார்.

வயரிங்_தாத்தா (ஞாயிறு, இரவு 9.52)

ரோதை தம்பி, கோபித்துக்கொள்ளாதே. அந்த வித்தை டயோடு இல்லாத பழைய டைனமோ காலத்தோடு போயிருக்க வேண்டியது.

ஓடுகிற டைனமோவுக்குப் பேட்டரி ஒரு மெத்தை மாதிரி. திடீரென்று மெத்தையை உருவினால், அதுவரை உள்ளே போய்க்கொண்டிருந்த கரண்டுக்குப் போக இடம் இல்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் பல பத்துக்குத் தாவிவிடும். ஒரு கண் இமைப்பு நேரம்தான், ஆனால் ஏசியை டீசியாக்கும் டயோடு போவதற்கு அது போதும். நல்ல டைனமோவைச் சோதிக்கப் போய்க் கெட்ட டைனமோவோடு வருவாய். அதோடு இந்தப் பழைய டீசல் என்ஜின் ஓடுவதற்கு பம்பில் உள்ள ஸ்டாப் சொலனொய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) கொஞ்சம் கரண்ட் கிடைத்தால் போதும், அரைகுறை டைனமோவே அதைக் கொடுத்துவிடும். ஆகவே அந்தச் சோதனை சொல்லும் பதிலும் பொய்யாகலாம்.

லீக்ஸ் தம்பி, மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, என்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்கிறது என்று பேசலாம்.

லீக்ஸ்_லோட் (திங்கள், காலை 6.50)

0.03 தாத்தா. இன்றும் தள்ளித்தான் ஸ்டார்ட். வெளியே புல்லில் வெள்ளை பூத்திருந்தது.

வயரிங்_தாத்தா (திங்கள், காலை 7.20)

அப்போது டயோடு சுகமாக இருக்கிறது. பஞ்சிகாவத்தைக்காரர் உன்னை ஏமாற்றவில்லை.

ஹட்டன்_மீட்டர் (திங்கள், காலை 10.15)

உங்கள் எண்களில் எனக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. கடைக்காரர் ஓவர் ச்சார்ஜ் என்கிறார். ஓவர் ச்சார்ஜ் என்றால் 15க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், தண்ணீர் வற்றி மூடியைச் சுற்றி ஈரம் கசிய வேண்டும். உங்களுக்கு 13.6, லைட் போட்டால் 13.1. இது குறை ச்சார்ஜ். ஆரோக்கியமான வண்டியில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்கும், லைட் போட்டாலும் அதிகம் இறங்காது.

காலையில் 12.3 என்பது பாதிக்குச் சற்று மேலே நிரம்பிய பேட்டரி. நிறைந்தது 12.6க்கு மேலே இருக்கும். மாதக்கணக்கில் பாதி வயிற்றோடு கிடந்தால் ஈயத் தட்டில் சல்பேட் உப்பு கெட்டியாகப் படியும், அப்புறம் எவ்வளவு ச்சார்ஜ் கொடுத்தாலும் முழுதாக ஏறாது. உங்கள் முதல் இரண்டு பேட்டரியும் அப்படித்தான் போயிருக்கும். பட்டினி போட்டே கொன்றிருக்கிறீர்கள்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர், கந்தப்பளையும் ஏறக்குறைய அந்த உயரம்தான். காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். டீசல் என்ஜின் காற்றை நசுக்கித்தான் சூடு உண்டாக்குகிறது. காற்றே குறைவு, அதுவும் குளிர், ஆயிலும் தேன் மாதிரி கெட்டி, பேட்டரிக்கும் பலம் குறைவு. தம்புள்ளையில் மறைந்திருக்கும் நோய் கந்தப்பளையில் படுக்கையில் தள்ளும். குளிர் நோயைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சோதனை செய்யுங்கள். நியூட்ரல், கை பிரேக், சில்லுக்கு முன்னால் கல். பம்பில் ஸ்டாப் சொலனொய்டுக்கு வரும் ஒற்றை வயரைக் கழற்றி, நுனி எங்கும் முட்டாமல் ஒதுக்கி வைத்தால் என்ஜின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, சுற்றும்போது பேட்டரியின் இரண்டு ஈய முனையிலும் என்ன வோல்ட் என்று பாருங்கள். கிளாம்பில் வைக்காதீர்கள், நடுவில் உள்ள ஈயத்திலேயே வையுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம்.

அப்புறம் என்ஜினை ஓடவிட்டு லைட் எல்லாம் போட்டு, டைனமோவின் பின்னால் உள்ள தடித்த பி போல்ட்டுக்கும் டைனமோவின் உடம்புக்கும் இடையில் எவ்வளவு என்று பாருங்கள். பெல்ட் ஓடுகிறது, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

ராகலை_ராஜபாட்டை (திங்கள், மத்தியானம் 12.40)

இவ்வளவு எதற்கு? அந்த ஸ்டாட்டரில் (என்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) கரண்ட் பாயும் செப்புக் காண்டாக்ட் தேய்வது ஊருக்கே தெரிந்த நோய். நான் என் வண்டியில் கழற்றிப் பார்த்தபோது, இரண்டு செப்புத் துண்டில் ஒன்று பாதி கரைந்து, நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் கரி. இரண்டையும் இணைக்கும் பிளஞ்சரின் வட்டம் ஒரு பக்கம் மட்டும் முட்டிக்கொண்டிருந்தது. காண்டாக்ட் இரண்டும் பிளஞ்சரும் போட்டேன், பிரச்சினை தீர்ந்தது. முழு ஸ்டாட்டர் மாற்றச் சொன்ன பாஸ் முகம் சுருங்கிப்போனது.

ஹட்டன்_மீட்டர் (திங்கள், பின்னேரம் 1.05)

ராஜபாட்டை சொல்வது உண்மையான நோய்தான். ஆனால் அதன் குணம் வேறு. காண்டாக்ட் தேய்ந்தால் "டக்" என்று ஒரு சத்தம், ஒன்றுமே சுற்றாது. ஏழெட்டுத் தடவை சாவியைத் திருப்பினால் திடீரென்று முழு வேகத்தில் சுற்றும். ஒன்று சுற்றும், அல்லது சுற்றாது. இவருக்கோ தினமும் சுற்றுகிறது, மெதுவாகச் சுற்றுகிறது. எதற்கும் அளவு வரட்டும்.

லீக்ஸ்_லோட் (திங்கள், மாலை 6.30)

பார்த்தேன் அண்ணே. இரண்டு தடவை பார்த்தேன், நம்ப முடியவில்லை.

சுற்றும்போது பேட்டரியில் 11.0. அதே மெதுவான சுற்றுதான், ஆனால் 11க்குக் கீழே போகவே இல்லை.

லைட் போட்டு ஓடும்போது டைனமோவில் 14.2. ஓடிப்போய்ப் பேட்டரியில் பார்த்தால் 13.1. மீட்டர் பிழையா?

ஹட்டன்_மீட்டர் (திங்கள், மாலை 6.48)

மீட்டர் பிழை இல்லை. இதைத்தான் தேடினேன்.

நம் லயத்துப் பீலியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. மேலே ஊற்று வற்றிவிட்டதா, நடுவில் குழாயில் வேர் ஏறிவிட்டதா? மலையேறி ஊற்றைப் பார்த்தால் தொட்டி நிறைந்து வழிகிறது. அப்போது பழுது குழாயில்.

பேட்டரி கெட்டிருந்தால் சுற்றும்போது 9, 8 என்று சரிந்து விழும். சாதாரணச் சூட்டில் 9.6க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். உங்களுடையது 11இல் நிற்கிறது. ஸ்டாட்டருக்குப் போக வேண்டிய கரண்ட் பேட்டரியைவிட்டு வெளியேறவே இல்லை. அதே மாதிரி டைனமோ 14.2 கொடுக்கிறது, பேட்டரிக்கு 13.1தான் போய்ச் சேருகிறது. வழியில் 1.1 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். டைனமோவின் ரெகுலேட்டர் தன் உடம்பை ஏர்த்தாக, அதாவது நெகட்டிவ் பக்கமாக, வைத்து அளக்கிறது. அதன் கண்ணுக்கு 14.2, எல்லாம் சரி. அதனால்தான் ச்சார்ஜ் லைட்டும் எரியவில்லை.

ஸ்டாட்டருக்குப் போகும் வழிக்கும் டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வரும் வழிக்கும் பொதுவாக ஒரு அடைப்பு இருக்கிறது. பாசிட்டிவ் வயரா, ஏர்த்தா என்பதுதான் பாக்கி.

பதுளை_ரோதை (திங்கள், இரவு 7.20)

எனக்கு இன்னொரு சந்தேகம். புது டைனமோ பேரிங் இறுகியிருந்தால் அதுவே என்ஜினைச் சுற்றவிடாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு நுவரெலியா வரைக்கும் ஒரு ஓட்டம் போய் வரச் சொல்லுங்கள். பேட்டரியில் அவ்வளவு தூரம் ஓடும்.

வயரிங்_தாத்தா (திங்கள், இரவு 7.31)

தம்பி!! அதை யாரும் செய்யாதீர்கள். லீக்ஸ் தம்பி, நீ வாசித்துவிட்டாயா?

இந்த எல் வரிசை டீசல்களில், 2எல், 3எல், 5எல் எல்லாவற்றிலும், டைனமோவின் முதுகில் ஒரு வெக்யூம் பம்ப் (வெற்றிடம் உண்டாக்கும் பம்ப்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் என்ஜின் தன் மூச்சிலேயே, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கும். டீசலுக்கு அது கிடையாது. அதனால் டைனமோவின் தண்டே பம்பையும் சுற்றுகிறது, என்ஜின் ஆயில் குழாய் ஒன்று அதற்குப் போகிறது. பெல்ட் இல்லை என்றால் ச்சார்ஜும் இல்லை, பிரேக் பூஸ்டரும் இல்லை.

எனக்கு இது புத்தகத்தில் படித்ததில்லை. ஒரு மழைநாள், பின்னால் சீமெந்து லோட், இறம்பொடை இறக்கம். ச்சார்ஜ் லைட் சிவப்பாக எரிந்தது. "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், பேட்டரி தாங்கும்" என்று விட்டேன். பூஸ்டருக்குள் சேர்ந்திருந்த வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வந்தது. நாலாவது மிதி கல்லை மிதித்த மாதிரி. இரண்டு காலையும் வைத்து மிதித்து, கியரை இரண்டுக்கு இறக்கி, கை பிரேக்கையும் இழுத்து, மேட்டுப் பக்கக் கானில் சில்லை இறக்கி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் பெல்ட் துண்டாகிப் போயிருந்தது. அன்றிலிருந்து இந்த வண்டிகளில் ச்சார்ஜ் லைட் எரிந்தால் நான் அதை பிரேக் லைட் என்றுதான் நினைப்பேன்.

இன்னொன்று. அந்தப் பம்பின் சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கிக் கார்பனை நனைத்துவிடும். புதிதாகக் கார்பன் போட்டாலும் நிற்காது. ரீகண்டிஷன் எடுக்கும்போது பின்பக்கத்தில் கறுப்பு எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

பதுளை_ரோதை (திங்கள், இரவு 7.40)

தெரியாமல் சொல்லிவிட்டேன் தாத்தா. என்னிடம் இருப்பது பெட்ரோல் வண்டி.

லீக்ஸ்_லோட் (திங்கள், இரவு 7.44)

கழற்றவில்லை, கழற்றவில்லை.

வன்னி_டிரக்டர் (திங்கள், இரவு 9.10)

முதல் பதிவைத் திரும்ப வாசிச்சனான். ஒருத்தரும் கேக்கேல்லை, நான் கேக்கிறன். கிளச் பிளேட் மாத்தினது தீபாவளிக்கு முதல் எண்டு சொன்னனீங்கள். பற்றரி சாகத் தொடங்கினது அதுக்கு முந்தியோ, பிந்தியோ? அக்ஸிலரேட்டர் கேபிள் இறுகினது எப்ப?

லீக்ஸ்_லோட் (திங்கள், இரவு 9.18)

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பிந்தித்தான் அண்ணா. கிளச் செய்து இரண்டு மூன்று மாதத்தில் முதல் பேட்டரி. கேபிளும் அதற்குப் பிறகுதான். ஆனால் கேபிளுக்கும் பேட்டரிக்கும் என்ன?

வன்னி_டிரக்டர் (திங்கள், இரவு 9.35)

இருக்கு. கிளச் மாத்த கியர்பொக்ஸை இறக்க வேணும். கியர்பொக்ஸ் போல்ட் ஒண்டிலதான் கனபேர் ஏர்த் வயரைப் பூட்டி வைக்கிறவை. திருப்பி ஏத்தேக்க வயரைப் பூட்ட மறந்தால் என்ஜினுக்கு ஏர்த் இல்லை. என்ஜின் ரப்பர் மவுண்டிலதானே இருக்கு.

ஆனால் கரண்டுக்குப் போக வேணுமே. அது பாடிக்கும் என்ஜினுக்கும் இடையில எந்த இரும்பு கிடைச்சாலும் அதுக்குள்ளால போகும். அக்ஸிலரேட்டர் கேபிளுக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி, கிளச் பக்கத்து இரும்புக் குழாய், சைலன்சர் கொழுவி, இப்படி. ஸ்டாட்டருக்குப் போற கரண்ட் அந்த மெல்லிய கம்பிக்குள்ளால போனால் கம்பி சூடேறி உள்ளுக்கிருக்கிற பிளாஸ்டிக் உருகும். ஆறினதும் கம்பியைப் பிடிச்சுக்கொள்ளும். அதுதான் உங்கடை கேபிள் இறுகினது. எங்கடை பக்கம் ஒரு டிரக்டரில இதே கதையைக் கண்டனான்.

நாளைக்குக் காலமை ஸ்டார்ட் பண்ண முயற்சி செய்துபோட்டு உடனே அக்ஸிலரேட்டர் கேபிளைக் கையால தொட்டுப் பாருங்கோ. மெதுவா, சுடும்.

ஹட்டன்_மீட்டர் (திங்கள், இரவு 9.42)

வன்னி அண்ணா, கும்பிடு. நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் கேபிள் வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

லீக்ஸ், கூடவே இதையும் செய்யுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் ஈயத்தில், மற்றது என்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இடத்தில். சுற்றும்போது 0.2 வோல்ட், மிஞ்சினால் 0.3 காட்டலாம். பாசிட்டிவ் பக்கமும் பாருங்கள், பேட்டரி பாசிட்டிவ் ஈயத்திலிருந்து ஸ்டாட்டரின் தடித்த போல்ட் வரை 0.5க்குள் இருக்க வேண்டும்.

லீக்ஸ்_லோட் (செவ்வாய், காலை 7.35)

விரலில் கொப்புளம். வன்னி அண்ணா சொன்ன "மெதுவா" என்ற சொல்லை நான் சரியாக வாசிக்கவில்லை.

பெடலுக்கு மேலே கேபிள் பயர்வாலைத் தாண்டி என்ஜின் பக்கம் வரும் இடத்தில் கறுப்பு உறை ஒரு சாண் நீளத்துக்கு மெழுகு மாதிரி மினுங்குகிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. சுற்றிவிட்டு இறங்கியபோது பிளாஸ்டிக் எரிந்த வாடை. அந்த வாடை எனக்குப் புதிதில்லை. ஒரு வருடமாக அதை ஹீட்டர் பிளக் வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவு: பாசிட்டிவ் பக்கம் 0.25. நெகட்டிவிலிருந்து என்ஜினுக்கு 3.1 வோல்ட்!

வண்டிக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்தேன். பேட்டரி நெகட்டிவ் வயர் பாடியில் மட்டும் போல்ட் ஆகியிருக்கிறது, அது முன்பு யாரோ மாற்றிய வயர். கியர்பாக்ஸ் மேல் போல்ட் ஒன்றில் மட்டும் வட்டமாகச் சுத்தமான அடையாளம், அங்கே ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்த தடம். நேர் எதிரே சேஸியில் பின்னல் பட்டி ஒன்று ஒரு முனையில் தொங்குகிறது. சேறு பிடித்து, வேர் என்று நினைக்கும் நிறத்தில்.

வயரிங்_தாத்தா (செவ்வாய், காலை 7.50)

3.1! பேட்டரி 11 கொடுத்தால் ஸ்டாட்டருக்கு எட்டுக்கும் குறைவு. பாவம், அது இவ்வளவு நாள் சுற்றியதே பெரிது.

ஹீட்டர் பிளக்கும் என்ஜின் உடம்பில்தான் ஏர்த் ஆகிறது. நாலு பிளக்கும் சேர்ந்து நிறையக் கரண்ட் இழுக்கும். அதுவும் இதே வழியில் திரும்பினால் பிளக் சிவக்காது, வெதுவெதுப்போடு நின்றுவிடும். வெள்ளைப் புகைக்கும் பதில் கிடைத்தது.

ஹட்டன்_மீட்டர் (செவ்வாய், காலை 8.05)

புது ஏர்த் பட்டி வாங்குவதற்கு முன் உறுதிப்படுத்துங்கள். ஜம்பர் வயர் இருக்கிறதா? முதல் கிளிப் பேட்டரி நெகட்டிவில், இரண்டாவது என்ஜினைத் தூக்கும் கொக்கியில். பொறி பறந்தால் அது பேட்டரிக்குத் தூரத்தில் பறக்கட்டும், பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் இருக்கும். கிளிப் பெல்ட்டிலும் பேனிலும் படாமல் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

லீக்ஸ்_லோட் (செவ்வாய், காலை 8.40)

பக்கத்து வீட்டு லொறியில் ஜம்பர் வயர் வாங்கினேன். சொன்ன மாதிரியே போட்டுச் சாவியைத் திருப்பினேன்.

அண்ணே, இந்த வண்டி இப்படிச் சுற்றி நான் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். மாவு மில் மாதிரி ர்ர்ர்ர் என்று ஒரே இழுப்பு. சொலனொய்டு வயரை மறுபடி கொழுவி, ஹீட்டரை ஒரே தடவை போட்டேன், பிடித்துக்கொண்டது. தள்ள வந்த பையன்கள் மூன்று பேரும் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ராகலை_ராஜபாட்டை (செவ்வாய், காலை 9.00)

நல்லவேளை ஸ்டாட்டரைக் கழற்றவில்லை. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்னொரு செலவு.

வயரிங்_தாத்தா (செவ்வாய், காலை 9.25)

பட்டி போடும்போது இரண்டு விஷயம். பழைய பின்னல் பட்டியைத் திரும்பப் பூட்டாதே, உள்ளே பச்சை பிடித்திருக்கும். 35 சதுர மில்லிமீட்டர் வயர், இரண்டு முனையும் அழுத்திப் பிடித்த லக் (போல்ட் நுழையும் வளையம்). உளியும் சுத்தியலும் வைத்து நசுக்குகிற கடையில் செய்யாதே, அச்சு மெஷின் உள்ள கடையில் செய். பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக என்ஜினுக்கு ஒன்று, என்ஜினிலிருந்து சேஸிக்கு இன்னொன்று. பாடியில் இப்போது இருப்பது அப்படியே இருக்கட்டும்.

லக் உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு எதுவும் இருக்கக் கூடாது. வெள்ளி மாதிரி மினுங்கும்வரை சுரண்டு. முறுக்கிய பிறகு மேலே வாஸலின் பூசு. முறுக்குவதற்கு முன் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் பின்பு பூசுகிற கட்சி. இந்த மழையில் பூசாமல் விட்டால் இரண்டு மழைக்காலம்தான் தாங்கும்.

அந்த அக்ஸிலரேட்டர் கேபிளையும் இன்றே மாற்று. பாதி உருகிய கேபிள் இறக்கத்தில் வைத்து இறுகினால் பெடல் மேலே வராது.

லீக்ஸ்_லோட் (புதன், மாலை 5.50)

வேலை முடிந்தது. நுவரெலியாவில் வயர் செய்து வாங்கினேன். கேபிள் புதிது. சுரண்டச் சுரண்ட மூன்று நிறப் பெயின்ட் வந்தது, இந்த வண்டிக்கு எத்தனை முதலாளிகள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்று காலை சுற்றும்போது நெகட்டிவ் பக்கம் 0.15. பேட்டரி 10.3க்கு இறங்கியது, ஆனால் சுற்று நல்ல வேகம். ஓடும்போது பேட்டரியில் 14.1, எல்லா லைட்டும் போட்டால் 13.9. பேட்டரியில் முன்பு 11, இப்போது 10.3. குறைந்தது நல்லதா அண்ணே?

ஹட்டன்_மீட்டர் (புதன், இரவு 7.10)

நல்லது. இப்போதுதான் ஸ்டாட்டர் கேட்கும் கரண்டைப் பேட்டரி கொடுக்கிறது, கொடுத்தால் இறங்கும். 10.3 தாராளம்.

ஆனால் அந்தப் பேட்டரியை இன்னும் நம்பாதீர்கள். கழற்றி ஒரு இரவு 5 ஆம்பியரில் மெதுவாக ச்சார்ஜ் போட்டு, ஓய்வு கொடுத்துவிட்டு, ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு அறையையும் பாருங்கள். 1.26, 1.27 என்று ஆறும் ஒன்றுபோல இருந்தால் பிழைத்தது. ஒன்று மட்டும் 0.05 கீழே நின்றால் அந்த அறை போய்விட்டது. பழைய இரண்டாவது பேட்டரி வீட்டில் இருந்தால் அதையும் பாருங்கள். ஆசிட் கண்ணில் படாமல்.

லீக்ஸ்_லோட் (வெள்ளி, இரவு 8.15)

இப்போது வண்டியில் உள்ளது: ஐந்து அறை 1.26, ஒன்று 1.25. பழையதில் ஐந்து அறை 1.22க்குப் பக்கம், ஓரத்து அறை 1.14லேயே நிற்கிறது, எவ்வளவு ச்சார்ஜ் போட்டாலும் அசையவில்லை. அதைப் பழைய ஈயத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

கிளச் செய்த கராஜுக்கும் போனேன். சண்டை போடத்தான் போனேன். உருகிய கேபிளை மேசையில் வைத்தேன். பாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டோர்ச்சை எடுத்துக்கொண்டு, அன்றைக்குக் கிளச் முடித்து வெளியே நிறுத்தியிருந்த இன்னொரு கெப்புக்குக் கீழே போய்ப் படுத்தார்.

பதுளை_ரோதை (வெள்ளி, இரவு 8.32)

அதில் இருந்ததா, இல்லையா?

லீக்ஸ்_லோட் (வெள்ளி, இரவு 8.36)

பட்டி இருந்தது. ஒரு முனை மட்டும் பூட்டி.